‘எங்கே’ என்று கேட்ட பெட்டி

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் கந்தோரில் ஒரு மயக்கம் கவியும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், எங்கள் அலுவலக மாடியறையின் திரையில் பஸ்கள் சின்ன வெளிச்சப் புள்ளிகளாக நகரும். பார்த்துக்கொண்டே இருந்தால் புள்ளிகள் நகர்கின்றனவா, நான் மிதக்கிறேனா என்று தெரியாது. கண்ணை மூடினாலும் இமைக்குள் ஊரும்.

என் தொழில் முறைமைப் பொறியியல். ஒன்றைச் செய்யுமுன் அது யாருக்கு, எதற்கு என்று விசாரித்து எழுதி, ஒவ்வொரு தேவைக்கும் ஒரு சோதனை வைக்க வேண்டும். தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்கிற வேலை என்று அம்மா பகிடி பண்ணுவார். பஸ் தரிப்பிடத்துக்கு நாங்கள் செய்த பேசும் பெட்டியும் அப்படி விசாரித்துச் செய்ததுதான். போகிற ஊரைச் சொன்னால், பஸ் எங்கே வருகிறதென்று அது சொல்லும். முதற்பெட்டியை மருதனார்மடம் சந்தியில் வைத்தோம். எங்கள் வீடும் அங்கேதான்.

அந்த நாட்களில் அம்மா தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றப் போய்வந்தார். ஒரு தவணையும் தப்பக்கூடாது என்பது டொக்டரின் கண்டிப்பு. ஓட்டோ பிடிக்கிறேன் என்றால் கேட்கமாட்டார். பஸ் யன்னலோரம் இருந்து தோட்டங்களைப் பார்த்தபடி போக வேண்டும் அவருக்கு. ஒருநாள் திரையில் அவருடைய பஸ் மல்லாகத்தைத் தாண்டுவதைக் கண்டு, கனவில் போவதுபோல நானும் அதனுடன் போனேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால், அவர் அந்த பஸ்ஸில் ஏறவேயில்லை.

“உன்ரை பெட்டி ‘எங்கே போகிறீர்கள்’ எண்டு கேக்குது. வெளிக்கிட்டு நிக்கிற ஆளை ஆரும் அப்பிடிக் கேப்பினமே? திரும்பி வந்திட்டன்.”

எனக்குப் பொல்லாத கோபம். பெட்டிக்கு என்ன சகுனம் என்று கத்தினேன். பிறகுதான் பயம் வந்தது. மருந்துக்குப் பயந்து, இனிப் போகாமல் நிற்கச் சாட்டுத் தேடுகிறாரோ?

அடுத்த நாள் குழுவில் சொன்னேன். எல்லோரும் இந்த ஊர்ப் பிள்ளைகள். புறப்படுகிறவரை ‘எங்கே’ என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது, ‘தூரமோ’ என்றுதான் கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ‘தூரமோ’ என்றால் வெறும் ‘ஓம்’ சொல்லிவிடுவார்களே, பெட்டி என்ன செய்யும் என்று ஒருவர் மல்லுக்கட்டினார். சந்தையில் நின்று கேட்டுப் பார்த்தோம். ‘எங்கே’ என்றதும் முகம் சுளித்தவர்கள், ‘தூரமோ’ என்றதும் ஊர், காரியம், கலியாண வீட்டுச் சங்கதி எல்லாம் சொன்னார்கள். பெட்டியின் கேள்வியை மாற்றினோம்.

அம்மாவின் புதிய தவணை வந்தது. ஏறுவாரோ, திரும்பிவிடுவாரோ என்று பயந்தபடி சந்தியில் கூட நின்றேன். பெட்டி “தூரமோ?” என்றது.

அம்மா பெட்டியைப் பாராமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இல்லை, தெல்லிப்பழைக்குத்தான். பின்னேரம் வந்திடுவன்.”

பெட்டி ஊரின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, பஸ் இணுவிலைத் தாண்டிவிட்டது என்றது. ‘வந்திடுவன்’ என்றது எனக்கு; நான் அழுதுவிட்டேன்.