ஞானம் வந்த பிறகு நாற்பத்தைந்து வருடம்

முடிச்சூரில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே, ஒரு கல்யாணத்துக்காக மைக் செட்டைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் உறுமல் என்னை 1994ஆம் வருடக் கோடைக்குத் தள்ளுகிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது.

அண்ணன் கிதாரின் ஒயரை அப்பாவின் பழைய வால்வு ரேடியோவில் செருகி வாசிப்பான். ரேடியோ கரகரவென்று அலறும். "இன்னாடா, தகரத்த கிழிக்கிறியா?" என்பார் அப்பா. அவன் தலை வாரமாட்டான். கிழிந்த ஸ்வெட்டரை மே மாத வெயிலிலும் கழற்றமாட்டான். அவன் கொண்டாடிய அமெரிக்கப் பாடகரின் குழு, ஆசைகள் அணைந்தபின் கிடைப்பதாகப் புத்தர் சொன்ன விடுதலையையே தன் பெயராக வைத்திருந்தது.

அந்தப் பாடகர் இருபத்தேழு வயதில் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்த செய்தி தாமதமாகத்தான் எங்கள் பக்கம் வந்தது. அன்றிலிருந்து அண்ணன் கிதாரைத் தொடவில்லை, சாப்பாட்டையும் தொடவில்லை. மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். இரண்டாம் நாள் மத்தியானம் நான் சோற்றுத் தட்டோடு ஏறினேன்.

"ஆசை அணைஞ்சா அதான் ஞானம், பாப்பா. அவரு போய்ச் சேந்துட்டாரு. எனக்கும் அதான் வேணும்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் வரலாற்றுப் பாடத்தின் வருடங்கள்தான்.

"புத்தருக்கு ஞானம் வந்தது முப்பத்தஞ்சு வயசுலண்ணா. செத்தது எண்பதுல. நடுவுல ஊர் ஊரா நடந்து, சோறு வாங்கித் துன்னுகினுதான் இருந்தாரு."

அண்ணன் நின்றான். விரல்விட்டு எண்ணினான்.

"ஞானம் வந்தப்புறமும் நாப்பத்தஞ்சு வருஷமா? பேஜாருடி அது."

பிறகு தட்டை வாங்கிக்கொண்டு, "ஊறுகா எங்கடி?" என்றான்.