மரத்தில் செய்த தவளை

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்தபோது, எங்களுக்கு மணக்காட்டில் ஓலை வேய்ந்த ஒரு வாடகை வீடு. மாமியார், நாத்தனார் யாரும் கிடையாது. கொடுத்துவைத்தவள் என்று ஊரில் சொன்னார்கள். என்னத்தைக் கொடுத்துவைத்தேனோ, வாயைத் திறந்து பேச ஆளில்லாத வீடு அது. இரண்டு வார்த்தை பேசமாட்டாரா என்று என் வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருக்கு மராமத்து ஆபீசில் குமாஸ்தா வேலை. சாயங்காலம் வந்து காப்பியைக் குடித்ததும் ஜன்னலோரம் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஆபீசில் ஒரு துரை, இறகும் தகரமும் சேர்த்துச் செய்த பொய்யிரையால் மீன் பிடிப்பவராம். அந்தத் துரையின் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இவருக்கும் பித்துப் பிடித்தது. தவளையைக் கண்டால் வரால் மீன் பாய்ந்து வரும். ஆனால் உயிருள்ள தவளையை முள்ளில் குத்த இவருக்கு மனசு வராது. அதனால் மரத்திலேயே தவளை செய்தார்.

லேசான முருக்கமரக் கட்டையைக் கட்டைவிரல் பருமனுக்குச் சீவுவார். கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்குவார். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய தூண்டில் முள்ளை வயிற்றில் பதித்து, அரக்கை உருக்கி அடைப்பார். முதுகுக்குப் பச்சை, வயிற்றுக்கு வெள்ளை, கண்ணுக்குக் குன்றிமணி. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட என்னைப் பார்த்ததில்லை. அந்த மரத்துண்டின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

தவளையின் கால்தான் சரியாக அமையவில்லை. கோழி இறகைக் கட்டிப் பார்த்தார். "நனைஞ்சா ஒட்டிக்கிடுது" என்றார். என்னிடம் சொன்னதல்ல, நான் அந்தப் பக்கம் நின்றேன், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் என் முடி காணாமல் போக ஆரம்பித்தது. தலை வாரும்போது உதிர்வதைச் சுருட்டி, கூரை தாழ்ந்து இறங்கும் எரவாணத்து ஓலையில் செருகி வைப்பது எங்கள் பழக்கம். சேர்ந்ததும் சவுரி கட்டிக்கொள்ளலாம். வெளியே போட்டால் யார் கையிலாவது சிக்கி, செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. செருகிய சுருள் மறுநாள் இல்லை. அதற்கடுத்து வைத்ததும் இல்லை. யாரோ செய்வினைக்குத்தான் எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்தேன். இவர் என்னோடு பேசாததற்கே அதுதான் காரணமோ என்றுகூடத் தோன்றிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

வேலிக்கு அப்பால் இருந்த மலையாளத்து அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். "பேடிக்கண்டா மோளே. பழவங்ஙாடி கணபதிக்கு ஒரு தேங்ஙா உடைச்சா மதி" என்றாள். பயப்படாதே, ஒரு தேங்காய் போதும் என்று சொல்ல அந்த ஊரில் ஒருத்தியாவது இருந்தாள். முகம் தெரியாத கோயில் கூட்டத்துக்குள் தனியாகப் போய்த் தேங்காய் உடைத்தேன். அது நன்றாகவே சிதறியது. யாரோ பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தால், இவர் ஆபீசிலிருந்து முன்னாடியே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் என் முடிச் சுருள். இழை இழையாகப் பிரித்து, தவளையின் பின்பக்கம் இரண்டு காலாக நூல் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

பயம் போன வேகத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். என் தலையில் இருக்கும் முடியை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காதவர், எரவாணத்தில் தேடி எடுத்திருக்கிறாரே.

"என் முடியா அது?" என்று கேட்டேன்.

"ஆமா. நல்ல நீளம். தண்ணியில பிரிஞ்சு ஆடுது. வரால் விடாது" என்றார். கல்யாணமான பிறகு அவர் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அந்தத் தைரியத்தில், "ஞாயித்துக்கெழம மீன் பிடிக்கப் போறப்போ என்னையும் வெள்ளாயணிக் காயலுக்குக் கூட்டிட்டுப் போங்களேன். கரையில சும்மா இருக்கேன்" என்றேன்.

"பேசினா மீன் வராது."

"நான் பேசமாட்டேன். இங்க மட்டும் யாருகிட்டப் பேசுதேன்?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பொம்பள காயல் கரையில குத்தவச்சு உக்காந்தா நாலு பேரு என்ன நெனைப்பான்?" என்றார். பிறகு தவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுதேன். அழுததை அவர் கேட்டிருப்பார், வீடு அப்படியொன்றும் பெரிசில்லை.

மறுநாளிலிருந்து உதிர்ந்த முடியை நான் எரவாணத்தில் செருகவில்லை. அவருடைய பெட்டி மேலேயே வைத்தேன். ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். வரால் கிடைத்தது. குழம்பு வைத்தேன், நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். அவர் போய்ச் சேரும்வரை அப்படித்தான் நடந்தது. என் முடி வெள்ளாயணிக் காயலின் மூலைமுடுக்கெல்லாம் நீந்தியிருக்கிறது. அந்தக் காயலை நான் இதுவரை பார்த்ததில்லை.