ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றவர்

ஓமானில் ஈச்சந்தோப்புகளுக்கு நடுவே ஆறு ஓடும் அழகான ஊர் அது. முன்பொரு வெள்ளம் ஆட்களை அடித்துக்கொண்டு போன ஊரும்கூட. கட்டட வேலையில் மூன்று மாதம் கழித்துக் கிடைத்த ஒருநாள் லீவில், தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து, ஓடும் தண்ணீரில் குளிக்கப் போனேன்.

கரையில் மஞ்சள் கோட்டு போட்ட காவலாளி, தென்காசிக்காரர். ஆற்றைப் பார்க்கவே மாட்டார். கண் மலைமேலேயே இருக்கும்.

"நல்ல வெயிலடிக்குதேண்ணே, எறங்க விடுங்க."

"மலைக்கு அந்தப் பக்கம் மேகம் கறுத்து நிக்கிடே. கேம்ப்ல பைப்பு இருக்குல்லா? அங்க போய்க் குளி."

"வெள்ளம் வந்தா ஓடி வந்துர மாட்டேனா?"

"அந்த வெள்ளத்தன்னைக்கு ஒருத்தனும் இதையேதான் சொன்னான். நான்தான் 'சரி, போ'ன்னேன்."

மாலைவரை வெள்ளம் வரவில்லை. குளிக்காமல் அதே சைட் புழுதியோடு பஸ் ஏறி, கேம்ப்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அவர் இடத்தில் நின்றிருந்தால் நான் யாரையாவது இறங்க விட்டிருப்பேனா, தெரியவில்லை.