பற்றறி இல்லாத மணிக்கூடும் கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியும்

போன மார்கழியில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனது, மச்சாளுக்கு ஒரு மணிக்கூடு கொடுக்கத்தான். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. பத்து நாள் திருவெம்பாவைப் பூசைக்கும் விடிய எழும்ப வேண்டும். அவள் நடைபாதையில் வாங்கிய பற்றறி மணிக்கூடு மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது. எங்கள் சாமியறை மணிக்கூடு என் கலியாணத்துக்கு வந்தது. முப்பத்தொரு வருடமாக, முறுக்கினால் ஓடுகிறது; அதைத்தான் கொடுக்க எடுத்தேன்.

மச்சாளுக்குச் சிரமம் வைக்காமல் நானே நாலரைக்கு அலாரம் வைத்து, இரண்டு சாவியையும் முழுக்க முறுக்கி, பட்டுத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். பின்னேரம் நாலு மணி ஐந்து நிமிடத்துக்குக் காலி வீதியில் பஸ். பஸ் மாறுகிற புறக்கோட்டை வரை ஒன்பது கிலோமீற்றர், பதினெட்டு ரூபாய். நிற்கத்தான் இடம். சாமியறைச் சாமானைக் காலடியில் வைக்கலாமா? மேல்தட்டில் வைத்தேன். சனம் நெருக்க நெருக்க நான் பின்னுக்குப் போய்விட்டேன், பை முன்னுக்கு நின்றுவிட்டது.

கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோது அலாரம் அடித்தது. இந்த மணிக்கூட்டுக்கு விடியற்காலை நாலரையும் பின்னேரம் நாலரையும் ஒன்றுதான். எனக்குத் தெரியாததா? அன்றைக்கு அது நினைவில் வரவேயில்லை.

குண்டுப் பயத்தில் ஆளில்லாத பை என்றாலே சனம் நடுங்கும் காலம். ஒருவரையொருவர் மிதித்து இறங்கி ஓடினார்கள். நான் மட்டும், "என்ர மணிக்கூடு!" என்று பைக்குக் கிட்டப் போனேன். யன்னலால் ஒரு இளம் பொலிஸ்காரனின் துவக்கு என்னை நோக்கி நீண்டது.

"அம்மா, கையத் தூக்குங்க! அசைய வேணாம்!" என்று வீதியிலிருந்து ஒரு முஸ்லிம் நானா கத்தினார். நானா என்றால் அவர்களுக்கு அண்ணன்; இவர் மாளிகாவத்தைக்காரராம். பொலிஸ்காரனின் சிங்களத்தை எனக்குத் தமிழில் சொன்னவர் அவர்தான்.

பையை இறக்கி வீதியில் வைத்து, பட்டுத்துணியை என்னையே அவிழ்க்கச் சொன்னார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைக் கண்டதும் அந்த இளம் பொலிஸ்காரனின் முகம் மாறியது. கொண்டுபோய்விடுவார்கள், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

"பற்றறி எங்கேண்டு கேக்கிறாரு."

"பற்றறி இல்லைத் தம்பி. முறுக்கினா ஓடும்."

நானா அதைச் சொன்னதும் நிலைமை இன்னும் மோசம். பற்றறி இல்லாமல் ஓடும் மணிக்கூட்டைப் பொலிஸ்காரன் கண்டதேயில்லை. துவக்கு இறங்கவில்லை.

"முறுக்கிக் காட்டட்டாம்."

முருகா என்று முறுக்கி, முள்ளைத் திருப்பி நாலரையில் விட்டேன். அடித்தது. பொலிஸ்காரன் துள்ளிப் பின்னால் போனான்.

"இது எங்கட வாப்பாவ விட நல்லா ஓடுது!" என்று தன் தகப்பனை இழுத்தார் நானா, முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். பொலிஸ்காரன் சிரித்தான். அதற்குப் பிறகுதான் துவக்கு இறங்கியது.

ஆனால் பஸ் சனம் என்னைத் திரும்ப ஏற விடவில்லை. நானா பிடித்துத் தந்த ஆட்டோவில் மிச்சத் தூரம் போனேன்; முன்னூறு ரூபாய்.

பழைய சாமான் கொண்டுபோகிறவர்கள் முறுக்கை இறக்கிவிட்டு, முதலே ஆட்டோ பிடியுங்கள். பையைக் கையை விட்டு விடாதீர்கள். காலடியில் வைக்க நேர்ந்தாலும் சாமி கோபிக்காது, மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

திருவெம்பாவை முடிந்து மச்சாளிடம் விசாரித்தேன். மணிக்கூடு ஒரு நிமிடம் பிந்தவில்லையாம். அலாரம் மட்டும் வைக்கவில்லையாம்.

"பக்கத்து வீட்டுச் சனம் பயந்து ஓடுமெல்லோ அண்ணி," என்றாள். "பத்து இரவும் நான் அதைப் பாத்துக்கொண்டு முழிச்சிருந்தனான்."