எனக்கு வாய்த்த இத்தாலிச் சக்களத்தி

பக்கத்து வீட்டுக்காரியின் பட்டுப்புடவையைப் பார்த்து வயிறு எரிந்தால் ஊர் புரிந்துகொள்ளும். எனக்கு எரிந்தது ஒரு கப்பலைப் பார்த்து. அதுவும் எந்தக் கடலிலும் மிதக்காத கப்பல்.

என் கணவர் கம்ப்யூட்டரில் கடற்போர் விளையாட்டு ஆடுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் காதில் ஹெட்செட் ஏறிவிடும். எத்தனையோ கப்பல்கள் வைத்திருந்தார், நான் கண்டுகொள்ளவில்லை. போன தையில் அந்த இத்தாலிப் போர்க்கப்பல் வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

"நெசத்துல இதக் கட்டவே இல்ல அம்மணி. காயிதத்துல வரைஞ்சதோட சரி. அதுக்குள்ள சண்டை வந்து உட்டுப்போட்டாங்க. இந்த கேம்லதான் உசுரு குடுத்திருக்காங்க," என்றார். முகமெல்லாம் பூரிப்பு.

காகிதத்தோடு நின்றுபோனது எங்களிடமும் ஒன்று உண்டு. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் இடத்தில் வீடு கட்டப் பூமி பூஜை போட்ட அன்று மகள் என் இடுப்பில் இருந்தாள். இப்போது சைக்கிள் ஓட்டுகிறாள். வாஸ்து பார்க்க வந்தவர் சமையலறையை மாற்றச் சொன்னார். பிளானை மாற்றி வரைந்தோம். மாமனார் மாடிப்படி எதிர்ப்பக்கம் வரவேண்டும் என்றார், மறுபடியும் வரைந்தோம். எப்போது வேலை ஆரம்பம் என்று யார் கேட்டாலும் என் கணவர், "அடுத்த தையில ஆரம்பிச்சிரலாமுங்க," என்பார். பிளான் சுருட்டியபடி பீரோ மேல் கிடக்கிறது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். நான் பாதிதான் பார்த்திருக்கிறேன். இன்னும் போத்தனூரில் வாடகை வீடுதான்.

அந்த இத்தாலிக் கப்பல்காரிக்கு மட்டும் எல்லாம் நடந்தது. எந்த நிறம் பூசலாம், எந்தப் பீரங்கி பூட்டலாம் என்று அவளுக்காக யோசித்து யோசித்துச் செய்தார். ஆடும்போது, "திரும்பு கண்ணு, மெதுவா," என்று கொஞ்சுவார். அந்தக் 'கண்ணு' என்னுடையது. நான் அதைக் கேட்டே வெகுநாளாகிறது.

ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் வீட்டு ஓனர் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார். கணவர் கீழே இறங்கிப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். எதிரிக் கப்பல்கள் கூட்டமாக நின்ற இடத்துக்கே அவளை ஓட்டினேன்.

"ஏனுங்ணா, அந்தப் பக்கம் போறீங்களே, கொஞ்சம் பாத்துப் போங்ணா," என்றது காதில் ஒரு குரல். இவர் அணியில் ஆடும் திருப்பூர்க்காரர். நாலு பக்கமும் குண்டு விழும்போதும், "முடிஞ்சா திரும்பி வந்துருங்ணா," என்றார் அதே பதமாக. ஒரு தரம் 'டேய், திரும்புடா' என்று கத்தியிருந்தால் பயந்து கையை எடுத்திருப்பேன். அவருக்கு அது வாயில் வராது. கப்பல் தீப்பிடித்துச் சாய்ந்து முழுகியது. எனக்குப் பரம சந்தோஷம்.

கணவர் கிரீஸ் கையோடு வந்து திரையைப் பார்த்தார்.

"நாந்தான் முழுகடிச்சனுங்க," என்றேன். சண்டைக்கு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன்.

அவர் சிரித்தார். "அதனால என்ன அம்மணி. ஆட்டம் முடிஞ்சா துறைமுகத்துல புதுசாட்டவே நிக்கும்."

ஆட்டம் முடிந்ததும் காட்டினார். நின்றாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"ஏனுங்க, நம்ம ஊடு?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. ஒருமுறை பீரோ மேல் பார்த்தார்.

"அடுத்த தையில ஆரம்பிச்சிரலாமுங்க," என்றார், ஊராருக்குச் சொல்வதைப் போலவே. பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "வா கண்ணு," என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.