கம்பியைத் தொட்ட கை

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஊர் எழுதிக் கொடுத்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: கட்டில். "படுத்துக்க ஆத்தா, அசையாத ஆத்தா" என்று வந்தவர்கள் எல்லாம் என் தோளைப் பிடித்துச் சாய்த்துவிட்டுப் போனார்கள். நான் பகலில் படுத்து அறியாதவள். ஐம்பத்திரண்டு வயதில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, நோயைவிட அந்தக் கட்டில்மீதுதான் எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில். ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறோம். கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்ட பந்தல். அங்கே எந்த வேலையானாலும் அண்ணாந்து, கையைத் தூக்கித்தான் செய்ய வேண்டும். எனக்கோ மதுரையில் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, பிறகு எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் வலது கை தோளுக்கு மேல் போக மாட்டேன் என்றது. தூக்கினால் அக்குளுக்குள் ஒரு கயிறு விறைத்துக்கொண்டு இழுக்கும்.

"முழுசாப் போயிருச்சா டாக்டர்?" என்று கேட்டேன். "பாத்துக்கிட்டே இருப்போம்மா. மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அன்பியத்தார் வந்தார்கள். தெருவிலுள்ள பதினைந்து கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த ஜெபக் கூட்டம் அது. ஜெபம் சொல்ல வந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். புத்தகத்தில் நோயாளிகளுக்கான ஜெபத்தை எடுப்பதற்குப் பதிலாக அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். அது உயிர் பிரியப் போகிறவர்களுக்கானது. அவர் இழுத்து இழுத்துச் சொல்ல, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு பதில் சொன்னார்கள். என் ஆன்மாவைப் பத்திரமாக வழியனுப்பி வைக்கிற இடம் வந்தபோதும் ஒருத்தர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "டீச்சர், நான் இன்னும் கெளம்பலையே" என்றேன்.

டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. மற்றவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய், வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இடது கையாலேயே காபி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கே கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்தச் சொன்னேன்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் கையைக் காட்டினேன். குமுளிப் பக்கத்துப் பெண். "ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே சொல்லிக் குடுத்தேனே, ஒண்ணும் செய்யலையா?" என்று திட்டினாள். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து கையை மடியிலேயே வைத்திருந்தேன் என்றேன். "பேடிக்கண்டா சேச்சி" என்றாள். குமுளி வியாபாரிகளோடு பழகியதில் எனக்கும் அவ்வளவு மலையாளம் தெரியும், பயப்படாதே அக்கா என்கிறாள். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, விரல்களால் சுவரில் ஏறச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சை விட்டு விட்டு ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். கையில் முள்ளோ கத்தியோ படாமல் உறை போட்டுக்கொள், தினமும் நட, களைத்தால் நில், ஆனால் படுத்தே கிடக்காதே. இவ்வளவுதான் அவள் சொன்னது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "தோட்டத்தக் குத்தகைக்குக் கேட்டு வந்தாக. உன்னால முடியாதப்ப நான் மட்டும் என்ன செய்ய? விட்டுறலாம்னு பாக்குறேன்."

எனக்குச் சுரீரென்றது. அந்தக் கொடிகளை நட்டதிலிருந்து, புதுத் துளிர் விடக் கொடியை வெட்டும் கவாத்துக்கு முதல் வெட்டு என்னுடையது. எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்: வீட்டுப் பெண் சிலுவை அடையாளம் போட்டு ஒரு கொடியை வெட்டிய பிறகுதான் மற்றவர்கள் கத்திரியை எடுப்பார்கள். "கவாத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு" என்றேன். "அன்னைக்கு இந்தக் கை கம்பியத் தொடலேன்னா யாருக்கு வேணும்னாலும் விட்டுக்கங்க. அதுவரைக்கும் வாயத் திறக்கப்படாது."

மறுநாள் பந்தலுக்குப் போய்ச் சணலால் தரையிலிருந்து கம்பி வரைக்கும் அளவெடுத்து வந்தேன். அதே உயரத்தில் அடுப்படிச் சுவரில் ஓர் ஆணி அடிக்கச் செய்தேன். முதல் கோடு என் மூக்குக்கு நேரே விழுந்தது. அங்கிருந்து ஆணியைப் பார்த்தால் வேறு ஊரில் இருப்பதுபோல் இருந்தது.

காலையில் வாய்க்கால் கரையில் நடந்தேன். முதல் நாள் மடை வரைக்கும் போவதற்குள் மூச்சு வாங்கியது. பத்து நாளில் பாலம் வரைக்கும் போனேன். பெரியாறு தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம். லோயர் கேம்ப் பக்கமிருந்து வரும் அந்தத் தண்ணீரோடு கூடவே நடப்பது பேச்சுத்துணைபோல் இருந்தது. தலையில் முடி அப்போதுதான் அரை விரல் முளைத்திருந்தது. எதிரே வருகிற பெண்கள், "உடம்ப இப்படிப் போட்டு வதைக்கணுமாக்கா?" என்பார்கள். "வதைக்கல தாயீ, எழுப்பிவிடுறேன்" என்பேன். ஒரு மாதம் போனதும் அவர்களில் இரண்டு பேர் என்னோடு நடக்க ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குச் சர்க்கரை, இன்னொருத்திக்கு மருமகளோடு சண்டை. இரண்டுக்கும் நடை நல்லதுதான்.

கோடுகள் ஏறின. மூக்கிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து உச்சிக்கு, அதற்கும் மேலே. கவாத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆணிக்கு மூன்று விரற்கடை கீழே நின்றுவிட்டது. மறுநாளும் அங்கேயேதான், அதற்கு மறுநாளும் அங்கேயேதான். ஒரே இடத்தில் கோடு மேல் கோடாகப் போட்டுச் சுவரே கருத்துப்போனது. ஒரு நாள் பென்சிலை விட்டெறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மார்பை எடுத்தபோதுகூட அப்படி அழவில்லை. வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார்.

கவாத்து அன்று காலையில் வேலைக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். நான் கையுறையும் கத்திரியுமாகப் பந்தலுக்குள் நுழைந்தேன். முதல் தூணில் ஒரு கொடி, கம்பியிலிருந்து பிரிக்கப்பட்டு, என் மார்புக்கு நேரே வளைத்துச் சணலால் தூணோடு கட்டப்பட்டிருந்தது. வேலைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"இங்கன வெட்டு. எங்க வெட்டுனாலும் முதல் வெட்டுதான" என்றார் வீட்டுக்காரர். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

விடிவதற்கு முன்னால் வந்து, பூவைத் தொடுகிற மாதிரி பிரித்துக் கட்டியிருக்கிறார். கொடியில் ஒரு கீறல்கூட இல்லை. அன்பாகத்தான் செய்தார், எனக்குத் தெரியும். தெரிந்துமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் கம்பியத் தொடுறேன்னுதான சொன்னேன். கம்பி என்னையத் தொட வரும்னா சொன்னேன்?" என்று சொல்லிச் சணலை அறுத்தேன். கொடி சட்டென்று மேலே போய்விட்டது.

கையைத் தூக்கினேன். அதே மூன்று விரற்கடையில் நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. அப்போதுதான் தூணைப் பார்த்தேன். கத்திரியை அவரிடம் நீட்டிவிட்டு, விரல்களைக் கல்லில் வைத்தேன். பெயின்ட் அடித்த அடுப்படிச் சுவர் வழுக்கும். இந்தக் கல் சொரசொரவென்று விரலைப் பிடித்துக்கொண்டது. மூச்சை விட்டு ஒரு விரற்கடை ஏறினேன். மறுபடி மூச்சை விட்டு இன்னொன்று. அக்குள் கயிறு கத்தியது. நான் அதைவிட உரக்க, "இயேசுவே, சும்மா பாத்துக்கிட்டு இருக்காதீங்க!" என்று கத்தினேன். உள்ளே ஏதோ மெல்லத் தளர்ந்தது. விரல் நுனியில் கம்பி தட்டியது. எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"கத்திரியக் குடுங்க" என்றேன். அவர் கம்பிக்கு நேரே உயர்த்தி நீட்டினார். வலது கையை இறக்காமல் மேலே வைத்தே வாங்கி, சிலுவை அடையாளத்தை இடது கையாலேயே போட்டுக்கொண்டு, துளிர் விடும் நாலு கண் விட்டு வெட்டினேன். வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் கசிந்து என் முகத்தில் சொட்டியது. நான் துடைக்கவில்லை. அழுதேன்தான், சந்தோஷத்தில், ஆறு பேர் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

அன்றைக்கு மூன்று கொடிதான் வெட்டினேன். நாலாவதற்கு ஆசைதான், ஆனால் அந்தக் குமுளிப் பெண் கண்ணுக்குள் வந்து முறைத்தாள், நிறுத்திக்கொண்டேன். அடுத்த நாள் ஐந்து. குத்தகைக்குக் கேட்டவர் வரப்பில் வந்து நின்றபோது, வீட்டுக்காரர் என்னைக் கைகாட்டி, "அந்தா நிக்கிறாகல்ல, அவுகளக் கேளுங்க" என்றார். முப்பது வருஷத்தில் எனக்கு அவர் மரியாதைப் பன்மை போட்டது அதுதான் முதல் தடவை. வந்தவர் கம்பியில் இருந்த என் கையை அண்ணாந்து பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனார்.

அடுத்த மாதம் மறுபடியும் ஸ்கேன் இருக்கிறது. அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. மாத்திரையை விடவில்லை, நடையையும் விடவில்லை. கத்திரி இப்போது அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது. வலது கையால்தான் எடுக்கிறேன், வலது கையால்தான் மாட்டுகிறேன். அடுத்த கவாத்துக்கு நாள் பார்த்தாயிற்று. எனக்காக எந்தக் கொடியையும் கீழே இறக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.