கணவாய்க்கு அந்தப் பக்கத்துத் தராசு

அலுவலகத்தில் அவரை எல்லோரும் எடைக்கல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை அப்படி. கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று வருடம் ஒருமுறை சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளர். அவர் போகுமிடமெல்லாம் எடைக்கற்கள் அடுக்கிய மூன்று மரப்பெட்டிகளும் போகும். காய்கறிக்காரர் பயந்துகொண்டு ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போட்டால், அக்கா அதை எடுத்துத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டுத்தான் நகர்வார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது நடந்தபோது கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்கிருந்த சின்னஞ்சிறு சுகாதார நிலையத்தின் நர்ஸ். தன்னிடம் வருகிற குழந்தைகள் எல்லாமே எடை குறைவாக இருப்பதாகவும், ஆனால் பார்த்தால் கொழுகொழுவென்று இருப்பதாகவும் எழுதியிருந்தார். சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாராம், அதுவும் குறைந்ததாம். ஆனால் அந்தப் பொட்டலத்தை நிறுத்துக் கொடுத்த கடைத் தராசையும் யாரும் சோதித்ததில்லை, எதை நம்புவது என்று கேட்டிருந்தார்.

அக்கா பழைய கோப்பை எடுத்துப் பார்த்தார். ஒன்பது வருடமாக அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. ஓட்டுநர் வேலை காலியாகவே கிடந்தது. குவாரிகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆறு வருடமாக அக்காவேதான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றாலும், கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. அலுவலக வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது என்பது விதி.

கணவாய்க்குப் போகிறேன் என்றதும் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பாதைக்கு வண்டியைத் தூக்கிக் கட்ட வேண்டும், பெரிய டயர் போட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

“இப்படியே போனா எங்க இடிக்கும்?” என்று கேட்டார் அக்கா.

“அடிவயித்துல.”

“அப்ப கல்லை வயித்துக்குக் கீழ விடாம சக்கரத்துக்குக் கீழ விட்டா போச்சு.”

அவருடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இரண்டு விரல் இடைவெளி கிடைத்தால் போதும், பேருந்தை நுழைத்து எடுத்துவிடுவார். ஆனால் உயரம் என்றால் ஆகாது. மூன்றாம் மாடி பால்கனியில் துணி காயப்போடச் சொன்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையை மட்டும் நீட்டுவார். அப்படிப்பட்டவர் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினார். “எப்படியும் பயப்படத்தான் போறேன். வீட்ல தனியா பயப்படறதுக்கு, உன் பக்கத்துல உக்காந்து பயப்படறேன்” என்றார். பெட்டி தூக்கும் உதவியாள் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார் அக்கா.

விடிந்ததும் புறப்பட்டார்கள். வெயில் ஏறினால் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் கூடிவிடும். தார் ரோடு முடிந்த இடத்தில் அக்கா நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினார். டயர் தரையைக் கவ்விக்கொண்டது. முதல் ஓடையில் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து, எந்தக் கல் ஆடுகிறது, எது ஆடவில்லை என்று காலாலேயே பார்த்துவிட்டு வந்து, அதே தடத்தில் வண்டியை விட்டார். மேலே ஏற ஏற இன்ஜின் மூச்சு வாங்கியது. அவர் அவசரப்படுத்தவில்லை. லோ கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு கல்லின் மேலும் சக்கரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே போனார். கணவர் கண்ணை மூடியபடி, பெட்டிகள் சரியாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பத்து தடவை விசாரித்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் அதலபாதாளமுமாக ஒரே வண்டி போகிற அகலத்தில் பாதை வளைந்தது. எதிரே மூட்டை ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்து நின்றது. வழக்கப்படி ஏறுகிறவருக்குத்தான் வழி விட வேண்டும். ஆனால் அத்தனை சுமையோடு லாரி பின்னால் ஏற முடியாது என்பதைப் பார்த்தவுடனே அக்கா புரிந்துகொண்டார். ஒதுங்குகிற இடம் வந்த பாதையிலேயே முந்நூறு அடி பின்னால் இருந்தது. அந்த வளைவில் கண்ணாடியில் பாறைதான் தெரிந்தது, விளிம்பு தெரியவில்லை.

“என்னங்க, இறங்கிப் பின்னாடி பாக்கறீங்களா?” என்றார்.

கணவர் கண்ணைத் திறந்தார். பாறைப் பக்கமாக இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். விளிம்போரச் சக்கரம் தெரிகிற இடத்தில் நின்றார். வேர்த்துக் கொட்டியது. ஆனால் குரல் மட்டும் பேருந்து நிலையத்தில் கேட்கிற அதே குரல். “வா, வா, வா. லேசா ஒடி. அவ்வளவுதான். நேராக்கு. வா.” ஒரு இடத்தில் வண்டியின் பின்புறத்தை இரண்டு தடவை தட்டினார், அக்கா அந்தக் கணமே நிறுத்தினார். அரை முழம் முன்னே போய், ஒடித்து, மறுபடி வந்தார். ஏன் என்று கேட்கவே இல்லை. இருபது நிமிடத்தில் வண்டி ஒதுங்கி நின்றது. லாரிக்காரர் கடந்து போகும்போது கும்பிட்டார். “ரைட், போலாம்” என்றபடி கணவர் ஏறி உட்கார்ந்தார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கீழே பார்த்தீர்களா என்று அக்கா கேட்டதற்கு, “டயரைத்தான் பார்த்தேன். டயர் எனக்குப் பழகின ஆள்” என்றார்.

மதியம் சுகாதார நிலையத்தை அடைந்தார்கள். ஒரே அறை, ஒரு கட்டில், ஜன்னலோரம் குழந்தைத் தராசு. அக்கா மூன்று கிலோவுக்குக் கற்களைத் தட்டில் வைத்தார். இரண்டு கிலோ அறுநூற்று எழுபது காட்டியது. எப்போதோ பழுது பார்த்தவர், கோலின் மேல் நகர்த்துகிற குண்டுக்குப் பதிலாக வேறொரு தராசின் குண்டை மாட்டியிருந்தார். அது சற்றுக் கனம், அதனால் எடையைக் குறைத்தே காட்டியது. அக்கா குண்டின் அடியிலிருந்த ஈயத்தைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார், நிறுத்தார், மறுபடி சுரண்டினார். ஒரு மணி நேரத்தில் கோல் நேராக நின்றது.

வாசலில் ஒரு பெண் ஏழு மாதக் குழந்தையோடு காத்திருந்தாள். பால் போதவில்லை என்று மாதாமாதம் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நர்ஸ் குழந்தையை நிறுத்துப் பார்த்துவிட்டு, பழைய எண்களை அடித்து, புதிதாக எழுதினார்.

“அப்ப இவன் நல்லாத்தான் இருந்தானா?” என்று கேட்டாள் அவள்.

“நல்லாத்தான் இருந்தான். தப்பு என் மேலதான் தாயி” என்றார் நர்ஸ்.

தப்பு குண்டின் மேல் என்று அக்கா திருத்தினார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த வருடம் கணவாய் திறந்த முதல் வாரமே இருவரும் அதே வண்டியில் போனார்கள். சுகாதார நிலையத்தின் வாசலில் மூன்று ஊர்க் கடைக்காரர்கள் தங்கள் தராசுகளைத் தோளில் சுமந்து வந்து, வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.